பேராதனை முதல் செங்கலடி வரை

நேரான தெரு தன் முடிவை முன்னரே காட்டிவிடும். வளைந்த தெருவோ ஒரு கல்லெறி தூரத்தை மட்டும் காட்டி, எஞ்சியதை மலையின் மறைவில் வைத்துக்கொள்ளும். பனையும் வயலும் பரந்த சமநிலத்திற் பிறந்து, கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெருவைக் கண்டே சைக்கிள் மிதித்துப் பழகிய எம்மனோர்க்கு மலைநாட்டுத் தெருக்கள் முதலில் அச்சத்தையும், பின்னர் வியப்பையும், ஈற்றில் ஒருவகைப் பணிவையும் தருவன. அத்தகைய தெருவொன்றில், விடியலிலிருந்து இருள் கவியும்வரை, மோட்டார்ச் சைக்கிளொன்றில் இருவராய்ச் சென்ற ஒருநாட் பயணத்தைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

யூபிலி மலருக்குக் கட்டுரை கேட்ட மலர்க்குழுவினர் இதனை எதிர்பார்த்திரார். நம் ஆசான்மாரையும், விளையாட்டு மைதானத்தையும், வெள்ளிக்கிழமைப் பூசையையும் பற்றி எம்மிலும் நன்றாக எழுதவல்லார் பலர் உளர். யாம் எழுதுவது நம் கல்லூரி விடுதிச்சாலையிலே முளைத்த நட்பொன்றைப் பற்றியது. ஆதலின் இம்மலரில் இதற்கும் ஓரிடம் உண்டெனத் துணிந்தோம்.

எம் நண்பர் செங்கலடியைச் சேர்ந்தவர். தம் பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பார். ஆகவே நண்பர் என்றே இங்குக் குறிப்போம். எட்டாம் வகுப்பில் அவர் விடுதிக்கு வந்து சேர்ந்தபொழுது, அவருடைய மட்டக்களப்புத் தமிழைக் கேட்டு யாம் சிரித்தோம். எமது தமிழைக் கேட்டு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பிலே பிறந்த உறவு பேராதனைப் பல்கலைக்கழகம் வரை எம்மோடு வந்தது. 1982 ஆம் ஆண்டில் ஒரு விடுமுறையின்போது, அவருடைய மாமனாரின் பழைய மோட்டார்ச் சைக்கிளிலே பேராதனையிற் புறப்பட்டு அன்றிரவே செங்கலடியை அடைந்தோம். அன்று வண்டியை ஓட்டியவர் அவர், பின்னிருந்தவர் யாம். வழிநெடுகிலும் அவர் பாடிக்கொண்டே ஓட்டினார் என்பதும், யாம் கண்ணை மூடிக்கொண்டே வளைவுகளைக் கடந்தோம் என்பதும் இன்றும் நினைவில் உள்ளன.

காலம் உருண்டது. நண்பர் கணித ஆசிரியராகிக் கண்டியிலே குடியமர்ந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் அவர் கதவு நிலைகளில் தோளை இடிக்கவும், பக்கத்தில் வைத்த தேநீர்க் கோப்பையைத் தட்டி விழுத்தவும் தொடங்கினார். கண் வைத்தியர் சோதித்து, கிளோக்கோமா என்று கூறினார். கண்ணினுள் அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பைச் சிறிது சிறிதாகத் தின்னும் நோய் அது. நோவில்லை; சிவப்பில்லை; முதலிற் பக்கப் பார்வை மங்கும்; நடுப்பார்வை கடைசிவரை நிற்கும். அதனாலேயே நோயாளி தான் இழந்ததை நெடுநாள் அறிவதில்லை. மருந்துத் துளிகள் எஞ்சியதைக் காக்க உதவும், போனதை மீட்கா. நண்பரின் பார்வை, குழாயொன்றினூடே உலகைப் பார்ப்பது போலாயிற்று.

“மச்சான், அந்தத் தெருவை இன்னும் ஒருமுறை பார்க்க வேண்டும். இருக்கிற பார்வை இருக்கும்போதே பார்க்க வேண்டும்” என்று அவர் எம்மிடம் சொன்னது 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில். பஸ்வண்டியிற் போகலாமே என்றோம். பஸ்வண்டியின் சாளரம் ஒரு குழாய், தம் கண் இன்னொரு குழாய், குழாய்க்குள் குழாய் வைத்து என்னத்தைப் பார்ப்பது என்று அவர் கேட்டார். கணித ஆசிரியரை வாதத்தில் வெல்வது எளிதன்று. ஆனால் அவ்வாண்டு பெற்றோலுக்காக நாடே வரிசையில் நின்ற ஆண்டு. விருப்பம் ஓராண்டுக்கு மேலாகத் தள்ளிப்போயிற்று. அந்த ஓராண்டிலே குழாய் மேலும் ஒடுங்கியது.

2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நாள் குறித்தோம். நண்பரின் மகள் முதலில் இணங்கவில்லை. “மாமா, உங்களுக்கும் அறுபது கடந்துவிட்டது, அப்பாவுக்குப் பக்கத்தில் வருகிற வாகனமே தெரியாது. விழுந்தால் யார் பொறுப்பு?” என்று கேட்டாள். அது நியாயமான கேள்வி. ஒவ்வொரு பட்டினத்திலும் நின்று தொலைபேசியிற் பேசுவது, நண்பருக்குக் களைப்புத் தோன்றினால் அங்கேயே பயணத்தை நிறுத்துவது, இருட்டில் தனியே ஓடுவதில்லை என்ற மூன்று உறுதிகளைப் பெற்றபின்னரே அவள் தலைக்கவசத்தை எடுத்துத் தந்தாள்.

இனித் தெருவைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். இலங்கையின் தெருக் கணக்கில் ஏ 5 என இலக்கமிடப்பட்ட இவ்வீதி, பேராதனையிற் பிரிந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறி, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா வழியாக இறங்கிச் செங்கலடியிலே கீழ்க்கரைத் தெருவோடு சேர்கின்றது. நீளம் 270 கிலோமீற்றருக்கு மேல். பேராதனை கடல்மட்டத்திலிருந்து 500 மீற்றருக்கும் குறைந்த உயரத்திலுள்ளது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. செங்கலடியோ ஏறக்குறையக் கடல்மட்டத்திலேயே உள்ளது. ஆகவே இத்தெருவிற் செல்வோன் ஒரே நாளில் ஒரு மலையை ஏறி முடித்து, அதன் மறுபுறத்தால் கடல்வரை இறங்குகின்றான்.

இத்தகைய மலைத்தெருக்களை வகுத்தவர்களாக ஆள்பதி பான்ஸ், மேஜர் ஸ்கின்னர் ஆகியோரின் பெயர்களை வரலாறு கூறும். பாறையை உடைத்தவர்களதும் மண்ணைச் சுமந்தவர்களதும் பெயர்களைக் கூறாது. முதலில் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தாற் கிராமத்து மக்களும், பின்னர்த் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் மலைநாட்டுத் தெருக்களுக்கு உடலுழைப்பைத் தந்தனர். கோப்பியைக் கீழே கொண்டுவரவே தெருக்கள் பெருகின. 1869 ஆம் ஆண்டிற் கண்ட இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது. வளைவுகள் மட்டும் மாறவில்லை. மலைச்சரிவுக்கு ஏற்ப வளைந்து வளைந்து ஏறினாலன்றி மாட்டுவண்டி அந்தச் சரிவுகளில் ஏறமுடியாது. மாட்டுக்காக வளைத்த தெருவிலேயே இன்று இயந்திரங்கள் ஓடுகின்றன என்று சொல்லிவிடலாம்.

காலை ஐந்தரை மணிக்குப் பேராதனைப் பாலத்தருகே புறப்பட்டோம். எமது வண்டி 150 சீ.சீ. வலுவுடைய எளிய வண்டி. முதல்நாளே சங்கிலியை இறுக்கி, பிறேக்குகளைச் சரிபார்த்து, இருவர் பாரத்துக்கேற்ப ரயர்களுக்குக் காற்று நிரப்பியிருந்தோம். கம்பளை வரை மகாவலியோடு கூடிச் செல்லும் தெருவில் தொல்லை ஏதுமில்லை. கம்பளை கடந்ததும் ஏற்றம் தொடங்கியது.

புசல்லாவைக்கு மேலே, கொத்மலைப் பள்ளத்தாக்குத் தெரியும் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினோம். 1982 இல் யாம் அங்கே நின்றபோது கீழே வயல்களும் ஊர்களும் தெரிந்தன. அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. 1985 இல் நீர்த்தேக்கம் நிறைவுற்று ஊர்கள் நீரில் அமிழ்ந்தன. வறட்சியில் நீர் வற்றும் காலங்களிற் பழைய விகாரையொன்றின் இடிபாடுகள் மேலே தோன்றுவதுண்டு. நண்பர் தலையை மெல்ல மெல்லத் திருப்பி, குழாய்ப் பார்வையால் அந்த நீர்ப்பரப்பை ஓரத்திலிருந்து ஓரம்வரை அளந்தார். நாமெல்லாம் ஒரே பார்வையிற் கண்டு, ஒரே மூச்சில் மறந்துபோகும் காட்சியைக் காண அவருக்குப் பத்து நிமிடம் வேண்டியிருந்தது. “வயல் இருந்த இடத்தில் வானம் கிடக்கிறது, மச்சான்” என்றார். நீரில் மேகம் தெரிந்ததை அவர் அவ்வாறு சொன்னார்.

இறம்பொடையை நெருங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. ஓகஸ்ட் மாதத்துத் தென்மேற் பருவக்காற்று அந்தச் சரிவின்மேல் மோதிக் கொட்டும் மழை அது. 109 மீற்றர் உயரமான இறம்பொடை அருவியின் இரைச்சல் மழை இரைச்சலோடு கலந்தது. மூடுபனி இறங்கியது. அங்கேதான் இடர் வந்தது.

மோட்டார்ச் சைக்கிள் வளைவில் உட்புறமாகச் சாய்ந்தே திரும்பும். சாயாவிடின், நேரே செல்ல முயலும் இயல்பு அதனை வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டு போகும். நம் கல்லூரியிற் பௌதிக ஆசிரியர் கரும்பலகையில் வட்டம் வரைந்து, அதன் ஓரத்திலே ஓர் அம்புக்குறியிட்டுக் கற்பித்த பாடம் இதுவே. ஓட்டுபவன் மட்டும் சாய்ந்தாற் போதாது. பின்னிருப்பவரும் கூடச் சாய்தல் வேண்டும். நண்பருக்கோ வளைவு வருவது தெரியவில்லை. வண்டி திடீரெனச் சரிவதை மட்டும் உணர்ந்து, விழாமலிருக்கும் பொருட்டு எதிர்ப்புறமாகச் சாய்ந்தார். யாம் இடப்புறம் சாய, அவர் வலப்புறம் சாய, வண்டி எவர் சொல்லையும் கேளாது தெருவின் நடுவுக்கு ஓடியது. பனியினுள்ளிருந்து மரக்கறி லொறியொன்று இறங்கி வந்தது. லொறிச் சாரதி கோனை அழுத்தியவாறே மலைப்பக்கமாக ஒதுங்கி நிறுத்தினார். அவருடைய முன்சில்லுக்கும் எமது முழங்காலுக்கும் இடையே ஒரு முழம் இருந்திருக்கலாம். மேலேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுதல் மலைநாட்டு மரபு. அம்மரபை அந்தச் சாரதி காத்தமையாலே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. அதே சரிவிலே, கொத்மலைக் கறண்டியெல்லப் பகுதியில், 2025 மே 11 ஆம் நாள் விடியற்காலையிற் பஸ்வண்டியொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த செய்தியைப் படித்தபோது எமக்கு அந்த ஒரு முழம் நினைவுக்கு வந்தது.

சற்று மேலே தெருவோரத் தேநீர்க்கடையொன்றில் ஒதுங்கினோம். கடையை நடத்தியவர் அறுபது வயது மதிக்கத்தக்க தோட்டத்துப் பெண்மணி. எம் இருவர் கைகளும் நடுங்குவதைக் கண்டு, கேளாமலே இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேநீரும் சுடச்சுட ரொட்டியும் வைத்தார். “மழை விடட்டுங்க ஐயா, இந்த முடக்கு எல்லாம் எங்கேயும் ஓடிப்போயிறாது” என்றார். அவருடைய பாட்டனார் இத்தெருவிற் கல்லுடைத்தவராம். 1948 இற் குடியுரிமையை இழந்து, பல்லாண்டுகளின் பின் சிறிது சிறிதாக அதனை மீளப்பெற்ற சமுதாயத்தைச் சேர்ந்தவர் அவர். தம் பாட்டன் உடைத்த கல்லின்மீது போவோருக்குத் தேநீர் தருகின்றார். பணம் கொடுத்தபோது ரொட்டிக்கு மட்டுமே வாங்கினார்.

நண்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். திரும்பிப் போவோமா என்று கேட்டோம். பதுளைக்குப் பஸ்வண்டி உண்டு, கண்டிக்கும் உண்டு. அவர் தலையசைத்து, கணக்கொன்றைக் கரும்பலகையில் அவிழ்ப்பவர் போலச் சொன்னார்: “எனக்கு வளைவு தெரியாது. ஆனால் உன் முதுகு தெரியும். தெருவைப் பார்க்க முயன்றபடியால்தான் தவறியது. இனி ஓடும்போது நான் தெருவைப் பார்க்கப் போவதில்லை. உன் முதுகையே பார்க்கிறேன். நீ எந்தப் பக்கம் சாய்கிறாயோ அந்தப் பக்கம் சாய்கிறேன். பார்க்க வேண்டியதை நீ நிறுத்திக் காட்டு.”

சொல்வது எளிது. பள்ளத்தின் ஓரத்திலே, பனியினூடே, கண்ணை ஒருவன் முதுகில் வைத்து உடலை அவன் சாய்வுக்கு ஒப்புக்கொடுப்பது எளிதன்று. மழை தணிந்தபின் புறப்பட்டோம். அவர் இரு உள்ளங்கைகளையும் எமது விலாவில் வைத்துக்கொண்டார். முதல் வளைவிற் சற்றே பிந்திச் சாய்ந்தார். இரண்டாவதிற் குறைவாகப் பிந்தினார். லபுக்கலைத் தேயிலைத் தோட்டத்தைக் கடந்தபோது பின்னால் ஒருவர் இருக்கிறார் என்பதே வண்டிக்குத் தெரியவில்லை. ஆனால் எமக்குத் தெரிந்தது. முன்னே செல்பவனின் முதுகை ஒருவர் முற்றாக நம்பியிருக்கும்போது, அவன் விரும்பியபடி ஓட்ட முடியாது. வளைவில் நுழையுமுன்னரே வேகத்தை அடக்குவதும், வளைவின் நடுவிற் பிறேக்கைத் தொடாதிருப்பதும், சாய்வை வெட்டாமல் மெல்லத் தொடங்கி மெல்ல முடிப்பதும் அன்றிலிருந்து எமக்குப் பழக்கமாயின. நாற்பதாண்டு வண்டியோட்டிய அனுபவம் எமக்கு உண்டு; அந்த ஒரு நாள் கற்பித்ததை அது கற்பிக்கவில்லை.

நுவரெலியாவில் நில்லாது, சீதாஎலியவில் அம்மன் கோயிலின் முன் நின்றோம். ஓடையின் குளிர்நீரிற் கைகால் கழுவி வழிபட்டபின், நண்பர் கோபுரத்துச் சிற்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “மேலே வலப்பக்கம்”, “அதற்கும் சற்றுக் கீழே” என்று யாம் சொல்ல, அவருடைய பார்வை அங்கங்கே போய் நின்றது. அடுத்து, சிங்கோனா மரம் வளர்ப்பதற்கென 1861 இல் நிறுவப்பட்ட ஹக்கலைத் தாவரப் பூங்காவின் வாயிலைக் கடந்தோம். அங்கிருந்து தெரு இறங்கத் தொடங்கியது.

இவ்விடத்திலே இயற்கையின் விந்தையொன்றைக் கண்டோம். மலையின் அப்புறம் கொட்டிய மழை இப்புறம் ஒரு துளியும் இல்லை. நீல வானம், காய்ந்த புல், வெலிமடைப் பள்ளத்தாக்கின் படிப்படியான வயல்கள். மேற்கே மழையாய் இறங்கிய காற்று, ஈரத்தை அங்கே போக்கிவிட்டு, ஊவா மலைகளைத் தாண்டி உலர்ந்த காற்றாய் வீசுகின்றது. ஊவாத் தேயிலை ஆடி ஆவணியிலே தனிமணம் பெறுவது இந்த உலர்காற்றினாலே. நனைந்த எம் உடைகள் பதுளை சேருமுன்னரே உடம்பிற் காய்ந்துவிட்டன.

பதுளையிலே நண்பகல் உணவு. புகையிரதப் பாதை 1924 இல் இவ்வூரோடு நின்றது. மலையிலிருந்து கீழ்க்கரை செல்ல விழைவோர்க்கு அதற்கப்பால் தெருவே துணை. நண்பர் மகளோடு பேசினார். லொறியைப் பற்றி அவர் சொல்லவில்லை. கோயிலைப் பற்றிச் சொன்னார்.

பசறை கடந்து லுணுகலை செல்லும் பகுதி, எம் கணிப்பில், இத்தெருவின் மிகக் கடினமான பாகம். ஒருபுறம் செங்குத்தான மண்மேடு, மறுபுறம் அடிதெரியாப் பள்ளம், வளைவுக்குள் வளைவு. பதின்மூன்றாம் கட்டையருகே, 2021 மார்ச் 20 ஆம் நாள் பஸ்வண்டியொன்று பள்ளத்தில் வீழ்ந்து பதினான்குக்குக் குறையாத உயிர்கள் போயின. அவ்விடத்தை நடைவேகத்திற் கடந்தோம். இறக்கத்திற் பிறேக்கை ஓயாது அழுத்தினால் அது வெப்பமேறிப் பிடிப்பை இழக்கும். ஆகவே இரண்டாம் கியரில் விட்டு, எஞ்சினின் இழுவையாலேயே வண்டியை அடக்கி இறங்கினோம். பின்னால் அந்த உள்ளங்கைகள் இறுகவுமில்லை, நழுவவுமில்லை.

லுணுகலைக்குக் கீழே பின்ரயரிற் காற்றுப் போயிற்று. கூரிய கல்லொன்று குத்தியிருந்தது. மரநிழலில் நின்றோம். மிளகுக் கொடிகளுக்கிடையே வேலை செய்துகொண்டிருந்த சிங்களக் கிராமவாசி ஒருவர் வந்து பார்த்தார். ஒரு சொல்லும் பேசாமல் வீட்டுக்குப் போய், ரியூப் ஒட்டும் சாமான்களோடும் கைப்பம்போடும் தம் மகனோடும் திரும்பினார். ஒட்டுப் போட்டு முடிக்க ஒரு மணிநேரத்துக்கு மேலாயிற்று. அதற்கிடையே அவர் நண்பரின் கையைப் பிடித்துத் தம் முற்றத்துக்கு அழைத்துச் சென்று இளநீர் வெட்டிக் கொடுத்தார். பார்வை குன்றியதை நாம் சொல்லவில்லை. அவர் தாமே கண்டுகொண்டார். அந்த ஒரு மணிநேரம் எமது கணக்கைக் குழப்பியது. பிபிலையை அடைந்தபோது மணி நான்கரை.

பிபிலைக்கு அப்பால் மலைகள் பின்தங்கின. தெரு நேராகி, காடும் சேனையுமாக விரிந்தது. மகாஓயாவை அணுகியபோது வெப்பக்காற்று முகத்திலறைந்தது. நண்பர் எமது தோளைத் தட்டினார். வண்டியை நிறுத்தினோம். அவர் தலைக்கவசத்தைக் கழற்றி, கண்களை மூடி, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்தார்.

“கச்சான்” என்றார்.

மட்டக்களப்பு மக்கள் ஆண்டின் நடுப்பகுதியில் வீசும் இவ்வுலர்ந்த மேல்காற்றைக் கச்சான் என்பர். காலையில் இறம்பொடையில் எம்மை நனைத்த அதே காற்று, மலையைக் கடந்து ஈரமிழந்து, மாலையிலே அவருடைய ஊர்க்காற்றாக வந்து நின்றது. இதனைக் காண அவருக்குக் கண் தேவைப்படவில்லை. மூடிய கண்களினின்றும் நீர் வழிந்தது. காற்றினாலோ அன்றோ, யாம் கேட்கவில்லை.

மகாஓயாவிற் கடைக்காரர் ஒருவர் எம்மைத் தடுத்தார். பொழுது சாயும்வேளை காட்டுயானைகள் தெருவைக் கடக்கும், மோட்டார்ச் சைக்கிளில் தனியே போகவேண்டாம் என்றார். இருட்டில் தனியே ஓடுவதில்லை என்று மகளுக்குக் கொடுத்த வாக்கும் இருந்தது. அங்கே தங்குவதா என்று யோசித்துக்கொண்டிருக்கையில், செங்கலடிக்குப் போகும் லொறியொன்று வந்து நின்றது. கடைக்காரரே சாரதியிடம் பேசினார். “எனக்குப் பின்னாலே, என் சிவப்பு விளக்கை விடாமல் வாருங்கள், நான் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள்” என்றார் சாரதி. அவ்வாறே போனோம். இருள் விரைந்து கவிந்தது. காடும் தெருவும் எமக்கு மறைந்தன. முன்னே ஒரு சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. நண்பர் எமது முதுகை நம்பி வந்ததுபோல யாம் அந்த விளக்கை நம்பிப் போனோம். ஒருமுறை லொறி நின்றது, யாமும் நின்றோம். எஞ்சினை அணைத்த அமைதியில் மரக்கிளைகள் முறியும் ஓசை கேட்டது. “மூன்று, அல்லது நான்கு” என்று நண்பர் காதருகே மெல்லச் சொன்னார். யாம் ஒன்றையும் கண்டிலோம். சில நிமிடங்களில் லொறி நகர்ந்தது.

போர் நிகழ்ந்த ஆண்டுகளில் மகாஓயாவுக்கும் செங்கலடிக்கும் இடைப்பட்ட இப்பகுதி நெடுங்காலம் பொதுமக்களுக்கு மூடிக் கிடந்தது. நண்பர் தம் தாயாரின் இறுதிக் கிரியைக்கு வேறு வழியாகச் சுற்றிச் சென்றார். வழிச் சோதனைகளிலே பொழுது கழிந்து, சிதை மூட்டியபின்னரே வீட்டை அடைந்தார். அவர் இத்தெருவை மீளவும் காண விழைந்ததற்கு அதுவும் காரணமென்பதைப் புல்லுமலையைக் கடந்தபோதுதான் எமக்குச் சொன்னார். தாயிடம் போகவேண்டிய வழியால் ஒருமுறையேனும் போய்ச் சேரவேண்டும் என்பது அவர் எண்ணம். பகல் முழுதும் தெருவைக் காட்டுவதே எம் பணியென்று கருதியிருந்தோம்; அவரை உரிய வழியால் வீடு சேர்ப்பதே எமது பணியென்பது அப்போதுதான் விளங்கியது.

கரடியனாற்றைக் கடந்து செங்கலடிச் சந்தியை அடைந்தபோது இரவு ஏழரை மணி. லொறிச் சாரதி கையசைத்துவிட்டுப் போனார். நண்பரின் தமக்கையார் படலையில் விளக்கோடு நின்றார். நண்பர் நேரே உள்ளே சென்று, தாயாரின் படத்தின் முன் நின்று, அதனை மூலைக்கு மூலை நெடுநேரம் பார்த்தார். மறுநாள் யாம் தனியே திரும்பினோம். அவர் சிலவாரம் தங்கிவிட்டுப் பஸ்வண்டியில் வந்தார்.

இக்கட்டுரையை எழுதும் இவ்வேளை நண்பரின் இடக்கண் ஒளியை மட்டுமே அறிகின்றது. வலக்கண்ணிற் சிறிது பார்வை உண்டு. பெரிய எழுத்துக்களாயின் ஒரு பக்கத்தைப் படிக்க அரைமணி கொள்வார். இதனை அவருக்கு யாமே வாசித்துக் காட்டினோம். கொத்மலையில் தாம் சொன்னதைச் சரியாக எழுதியிருக்கின்றோம் என்றும், இறம்பொடை லொறி ஒரு முழத்தில் அல்ல, ஒரு சாணிலேயே நின்றது என்றும் திருத்தம் சொன்னார். அவர் அப்போது அதைக் காணவில்லையே என்றோம். “காற்றில் தெரிந்தது” என்றார். முழமென்றே விட்டிருக்கின்றோம், அவருடைய மகளும் இம்மலரைப் படிப்பாள்.

இம்மலரைக் கையிலேந்தும் இளமாணவர்க்கு ஒரு வார்த்தை. இன்று உங்கள் பக்கத்து வாங்கிலிருப்பவன் உங்கள் தமிழைக் கேட்டுச் சிரிப்பான். நீங்கள் அவன் தமிழைக் கேட்டுச் சிரிப்பீர்கள். அச்சிரிப்பைக் குறைத்து மதியாதீர்கள். நாற்பதாண்டு கழித்து, மழையும் பனியும் மூடிய ஒரு வளைவில், அவன் தன் உள்ளங்கைகளை உங்கள் விலாவில் வைத்து, நீங்கள் சாயும் பக்கம் தானும் சாய்வான். அல்லது நீங்கள் அவ்வாறு சாயவேண்டிவரும். முன்னிருப்பினும் பின்னிருப்பினும் அதற்குத் தகுதியுடையவராய் இருத்தல் வேண்டும். நம் கல்லூரி அன்னை எமக்கு ஈந்த செல்வங்களுள் அத்தகைய துணையினும் பெரிதொன்றை யாம் அறியோம். அவள் பல்லாண்டு வாழ்க.